இரவல் தண்டவாளமும் ஒரு நிமிடக் கணக்கும்

கேள்வி இதுதான். லண்டனில் பல ஆண்டுகள் வசித்து, எடின்பரோவுக்கும் மான்செஸ்டருக்கும் ரயிலிலேயே போய்வந்து பழகிய ஒருவர், அடுத்த கோடையில் சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை ரயிலில் செல்ல நினைக்கிறார். பிரிட்டனில் அரை மணி நேரத் தாமதத்துக்கே பணம் திருப்பித் தருகிறார்கள், அமெரிக்காவிலோ நான்கு மணி, ஐந்து மணி நேரத் தாமதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்று கேள்விப்படுகிறேனே, இவ்வளவு பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டில் இது எப்படி நடக்கிறது, போய்ச் சேரும் நாளிலேயே ஊர் திரும்ப விமான டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்கிறார்.

விமானத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: அதே நாளில் எடுக்காதீர்கள். மற்ற கேள்விக்குத்தான் இடம் வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் ஒழுங்கானவர்கள், அமெரிக்கர்கள் அலட்சியக்காரர்கள் என்று பலர் சுருக்கமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. தண்டவாளம் யாருடையது, வண்டி தாமதமானால் யாருடைய பை இளைக்கிறது என்ற இரண்டு விவரங்களையும் தெரிந்துகொண்டால் இரு நாடுகளின் ரயில் நேரமும் ஏறக்குறைய விளங்கிவிடும்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ சுமார் 632 கிலோமீட்டர். பெரும்பாலான வண்டிகள் நாலரை மணி நேரத்தை ஒட்டிப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பிரிட்டனில் இறங்கி மாறாமல் போகக்கூடிய மிக நீண்ட பகல் பயணமாக, ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து கார்ன்வாலின் பென்சான்ஸ் வரை ஒரு வண்டி ஓடியது. ஏறத்தாழ 1,250 கிலோமீட்டரை 13 மணி நேரத்துக்கும் மேலாக ஓடிக் கடந்த அதுவும் 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டது. நீங்கள் ஏற நினைக்கும் கலிபோர்னியா செஃபிர், சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள எமரிவில் வரை 3,900 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அட்டவணைப்படியே ஏறத்தாழ 52 மணி நேரம், இரண்டு இரவுகள், மூன்று நேர மண்டலங்கள். இந்தத் தூரத்தில் இரண்டு மணி நேரத் தாமதம் என்பது பயண நேரத்தில் நூற்றுக்கு நான்கு பங்குதான், எடின்பரோ வண்டியில் அதே விகிதம் பத்து, பதினோரு நிமிடம் என்று கணக்குக் காட்டி அமெரிக்க வண்டியை மன்னித்துவிடுகிறவர்கள் உண்டு. நெவாடாவின் சிறிய நிலையம் ஒன்றில் விளக்குக் கம்பத்தடியில் பெட்டியோடு காத்திருப்பவருக்கு அந்த விகிதத்தால் ஒரு பயனும் இல்லை.

தாமதத்தின் தன்மையும் இரண்டு நாடுகளில் வேறு. பிரிட்டனில் அது தொற்றுநோய். ஆண்டுக்கு 170 கோடிப் பயணங்கள் நடக்கும் வலைப்பின்னல் அது. பாதையின் மொத்த நீளமோ சுமார் 16,000 கிலோமீட்டர்தான். எடின்பரோ பாதையில் லண்டனுக்கு வடக்கே வெல்வின் என்ற இடத்தில் 1850இல் கட்டி முடித்த 40 வளைவுகள் கொண்ட பாலம் ஒன்று இருக்கிறது. நான்கு தண்டவாளங்களாக வரும் பாதை அங்கே இரண்டாகச் சுருங்குகிறது. கேம்பிரிட்ஜுக்குப் போகும் வண்டி, லீட்ஸுக்குப் போகும் வண்டி, எடின்பரோவுக்குப் போகும் வண்டி எல்லாம் அந்த ஊசிக்காதுக்குள் வரிசையாக நுழைந்தாக வேண்டும் என்பதால், முதலாவது வண்டி நான்கு நிமிடம் பிந்தினால் பின்னால் வருகிறவர்களுக்கு அது பரவிவிடுகிறது. அமெரிக்காவின் நெடுந்தூர வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் அதன் பாதையில் வேறு பயணிகள் வண்டியே பெரும்பாலும் கிடையாது. செஃபிர் நாளைக்கு ஒன்று. நியூ ஆர்லியன்ஸுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ஓடும் சன்செட் லிமிடெட் வாரத்துக்கு மூன்று நாள்தான். அங்கே தாமதம் தனியாளாக வந்து, தனியாளாகவே வளர்கிறது.

அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1970ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதுவரை அமெரிக்காவில் பயணிகள் வண்டிகளைத் தனியார் ரயில் நிறுவனங்களே ஓட்டின. நெடுஞ்சாலையும் விமானமும் வந்தபின் அவை நட்டத்தில் ஓடின. 1967இல் அஞ்சல் துறை கடிதப் போக்குவரத்தை ரயிலிலிருந்து பெருமளவு எடுத்துவிட்டதும் பாக்கி இருந்த வருமானமும் போயிற்று. அரசு ஒரு பேரம் செய்தது: பயணிகள் வண்டியை ஓட்டும் பாரத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், அதற்குப் பதிலாக எங்கள் வண்டிகளை உங்கள் தண்டவாளத்தில் விடுங்கள். அப்படிப் பிறந்து 1971 மே 1 முதல் ஓடத் தொடங்கியதுதான் ஆம்ட்ராக். பிறகு 1976இல் பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன் நகரங்களை இணைக்கும் வடகிழக்குப் பாதையின் பெரும்பகுதி அதற்குச் சொந்தமாகக் கிடைத்தது. மற்றபடி அது ஓடும் தூரத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு பிறர் பாதையில்தான். செஃபிரை எடுத்துக்கொண்டால் சிகாகோவிலிருந்து டென்வர் வரை பிஎன்எஸ்எஃப் நிறுவனத்தின் தண்டவாளம், அதற்கு மேற்கே யூனியன் பசிபிக்கின் தண்டவாளம். சிக்னலை மாற்றுவதும், எந்த வண்டியை எங்கே ஒதுக்குவது என்று தீர்மானிப்பதும் அந்தச் சரக்கு நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகள். ஆம்ட்ராக் ஓட்டுநர் அவர்கள் காட்டும் விளக்குக்குக் கட்டுப்பட்டவர்.

இரவல் வீட்டில் குடியிருப்பவருக்கு உரிமை ஏதும் இல்லையா என்றால், காகிதத்தில் உண்டு. அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சரக்கு வண்டியைவிடப் பயணிகள் வண்டிக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று 1973இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனால் அந்தச் சட்டத்தை மீறினால் வழக்குத் தொடரும் அதிகாரம் ஆம்ட்ராக்கிடம் இல்லை. அரசின் சார்பில் வழக்காடும் நீதித் துறையிடம்தான் இருக்கிறது. நீதித் துறை 1979இல் சதர்ன் பசிபிக் நிறுவனத்தின்மீது, சன்செட் லிமிடெட்டைத் தாமதப்படுத்தியதற்காக ஒரு வழக்குப் போட்டது. அடுத்த வழக்கு 2024 ஜூலையில், நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின்மீது. நடுவில் 45 ஆண்டுகள். நியூயார்க்குக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடும் கிரசென்ட் வண்டியைப் பற்றியது அந்த இரண்டாம் வழக்கு. தெற்கு நோக்கிய வண்டிகளில் 2023இல் 24 விழுக்காடு மட்டுமே சேருமிடத்தை நேரத்துக்கு அடைந்தன என்று நீதித் துறை அதில் குறிப்பிட்டது. கேட்க ஆள் இல்லாத உரிமையின் மதிப்பு என்ன என்பதற்கு இந்த 24ஐவிடத் தெளிவான எண் எனக்குத் தெரியாது.

இனி பாதையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மேற்கு அமெரிக்காவில் பெருமளவு பாதை ஒற்றைப் பாதை. நம் ஊர்ப் பயணிகளுக்கு விளக்க வேண்டியதில்லை, "கிராசிங் போட்டிருக்கிறார்கள்" என்று சொன்னாலே புரிந்துவிடும்: எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்க, மற்றது கடந்து போகும். சட்டப்படி ஒதுங்க வேண்டியது சரக்கு வண்டி. ஆனால் அது ஒதுங்க முடிகிற நீளத்தில் இருக்க வேண்டுமே. கடந்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கச் சரக்கு நிறுவனங்கள் ஆட்செலவைக் குறைப்பதற்காக இரண்டு வண்டிகளை ஒன்றாகக் கோத்து விடுவதை வழக்கமாக்கிக்கொண்டன. மூன்று மைல் வரை, அதாவது ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும் வண்டிகளும் ஓடுகின்றன. லூப் லைன்களோ அந்தக் காலத்து நீளத்தில் இருக்கின்றன. பத்துப் பெட்டிகளோடு சுமார் 260 மீட்டர் நீளத்தில் வரும் பயணிகள் வண்டியும் லூப்புக்குள் அடங்காத ராட்சதனும் எதிரெதிரே வந்தால், சட்டம் என்ன சொன்னாலும் ஒதுங்குவது யார் என்று பௌதிகமே முடிவு செய்துவிடுகிறது.

மேற்கு டெக்சாஸின் வெட்டவெளியில் அது நிகழும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. வண்டி வேகம் குறைந்து, பக்கத் தண்டவாளத்துக்குள் மெல்லத் திரும்பி, ஒரு சிறு உலுக்கலோடு நின்றுவிடுகிறது. குளிர்சாதனத்தின் முனகல் மட்டும் கேட்கிறது. சன்னலுக்கு வெளியே முட்புதர், ஒரு கம்பி வேலி, தூரத்தில் நீலமாக ஒரு மலைவரிசை. முன்னே ஒரு சரக்கு வண்டி வருகிறது, அது கடந்ததும் கிளம்பிவிடுவோம் என்று கண்டக்டர் அறிவிக்கிறார். அந்த வண்டி கண்ணுக்குத் தெரியவே அரை மணி நேரம் ஆகிறது. பிறகு முன்னால் மூன்று என்ஜின்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய கன்டெய்னர்கள், நடுவிலே ஆளில்லாமல் ரேடியோ கட்டளையில் இழுக்கும் இன்னும் இரண்டு என்ஜின்கள், மறுபடியும் கன்டெய்னர்கள். எதிர் இருக்கைச் சிறுவன் எண்ணத் தொடங்கி நூற்றைம்பதைத் தாண்டியதும் சலித்துப்போய் விட்டுவிடுகிறான். கடைசி என்ஜினும் போனபின் மேலும் பத்து நிமிடம் சிக்னல் சிவப்பாகவே இருக்கிறது. பின்னாலேயே இன்னொரு சரக்கு வண்டி வருகிறதாம்.

இப்படி ஒரு மணி நேரம் போனால் அது ஒரு மணி நேரத்தோடு நிற்பதில்லை. கட்டுப்பாட்டு அறை தன் பாதையில் பயணிகள் வண்டிக்கென்று ஒரு நேர இடைவெளி வைத்திருக்கிறது. அதைத் தவறவிட்ட வண்டி மற்ற சரக்கு வண்டிகளுக்கு இடையே கிடைத்த சந்தில் புகுந்து போக வேண்டியதாகிறது. அடுத்து ஊழியர்களின் பணி நேரம். ஓட்டுநரும் கண்டக்டரும் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். பன்னிரண்டாவது மணி முடியும்போது வண்டி எங்கே இருந்தாலும், மாற்று ஊழியர்கள் வேனில் வந்து சேரும் வரை அங்கேயே நிற்கும். நல்ல சட்டம்தான், தூங்கி விழும் ஓட்டுநரைவிடத் தாமதம் மேல். ஆனால் இரண்டு மணி நேரத் தாமதம் நான்காக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரக்கு நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தப் பாதைகளைத் தங்கள் பணத்தில் பராமரிப்பவர்கள் அவர்கள். ஆம்ட்ராக்கால் கூடுதலாக ஆகும் செலவை மட்டுமே அது அவர்களுக்குத் தருகிறது. நிலக்கரி, தானியம், கன்டெய்னர் என்று அமெரிக்க ரயில்கள் சுமக்கும் சரக்கைப் பார்த்து ஐரோப்பியப் பொறியாளர்கள் பெருமூச்சு விடுவதுண்டு. பிரிட்டனில் நடப்பது இதன் நேர் எதிர்: பெலிக்ஸ்டோ துறைமுகத்திலிருந்து கன்டெய்னர்களோடு வடக்கே போகும் வண்டி வழியில் லூப் லைனில் நின்று, பயணிகள் வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகக் காத்துக் கிடக்கும். ஒரு நாட்டில் மனிதருக்காகச் சரக்கு காத்திருக்கிறது, மற்றதில் சரக்குக்காக மனிதர் காத்திருக்கிறார்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலினாய் மாநிலத்தின் நேப்பர்வில்லில் 1946 ஏப்ரலில், நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியின்மீது பின்னால் வந்த வண்டி மோதி நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் வந்த விதிப்படி, ஓட்டுநர் அறையிலேயே சிக்னலைக் காட்டும் கருவியோ வண்டியைத் தானாக நிறுத்தும் கருவியோ இல்லாத பாதையில் மணிக்கு 80 மைல் வேகத்தைத் தொடக் கூடாது. நிறுவனங்கள் கருவிக்குச் செலவழிப்பதைவிட வேகத்தைக் குறைப்பதே மலிவு என்று கண்டன. அதனால்தான் அமெரிக்காவின் பெரும்பகுதியில் இன்றும் உச்ச வேகம் 79 மைல், அதாவது 127 கிலோமீட்டர். பிரிட்டனில் 1976 முதலே பயணிகள் 200 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள். நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு 1938இல் டுவென்டியத் செஞ்சுரி லிமிடெட் 16 மணி நேரத்தில் போனது; ஏறத்தாழ அதே வழியில் இன்று லேக் ஷோர் லிமிடெட்டுக்கு அட்டவணையே 19, 20 மணி நேரம் தருகிறது. பிந்திய நேரத்தை ஓடிப் பிடிக்கும் சக்தியும் இந்த வேகத்தடையால் போய்விடுகிறது.

நேரத்தை மதிக்கத் தெரியாத நாடு அது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். பிரிட்டனில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840இல் லண்டன் நேரத்தைத் தன் நிலையங்களில் எல்லாம் புகுத்தியதுபோல, அமெரிக்காவின் நேர மண்டலங்களை உண்டாக்கியவையும் ரயில் நிறுவனங்களே. ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து வைத்திருந்த கடிகாரங்களை 1883 நவம்பர் 18ஆம் தேதி நண்பகலில் அவை திருத்தி வைத்தன. அரசு அதைச் சட்டமாக்கியது 1918இல்தான். ஒஹையோவின் கிப்டனில் 1891இல் இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டதற்கு ஒரு ரயில் ஊழியரின் சட்டைப்பைக் கடிகாரம் நான்கு நிமிடம் நின்றுபோனதே காரணம் என்று சொல்லப்பட்டது. அதற்குப் பின் வெப் பால் என்ற கடிகார வணிகர் வகுத்த முறைப்படி, வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகும் கடிகாரத்தை ரயில் ஊழியர் வைத்திருக்கவே கூடாது என்றாயிற்று.

அந்த ஒழுங்கின் எச்சம் இன்றும் ஒரு வேடிக்கையான வடிவில் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் நாட்டின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் இரவில், நேரத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ட்ராக் வண்டிகள் அட்டவணையை முந்திப் போய்விடாதிருக்க ஒரு நிலையத்தில் ஒரு மணி நேரம் சும்மா நிற்கின்றன. வசந்தத்தில் கடிகாரத்தை முன்னால் தள்ளும் இரவில் அதே வண்டிகள் எந்தத் தவறும் செய்யாமலே ஒரு மணி நேரம் தாமதமாகிவிடுகின்றன.

பிரிட்டனுக்கு வருவோம். அங்கே தண்டவாளம் நெட்வொர்க் ரயில் என்ற பொதுத்துறை அமைப்பின் கையில் இருக்கிறது. வண்டிகளை ஓட்டுவது 1990களின் தனியார்மயத்துக்குப் பின் தனி நிறுவனங்களிடம் போயிற்று. அவற்றையும் 2024ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறது. ஒரு வண்டி வழியில் மூன்று நிமிடமோ அதற்கு மேலோ இழந்தால், அது யாருடைய குற்றம் என்று எழுதியாக வேண்டும். சிக்னல் பழுதென்றால் நெட்வொர்க் ரயில் வண்டி நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும், கதவு மூடவில்லை என்றால் நிறுவனம் கொடுக்கும். இதற்காகவே நூற்றுக்கணக்கானவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். வண்டியில் மோதியது சிறு பறவையா பெரும் பறவையா என்பதைப் பொறுத்துப் பொறுப்பு மாறுமாம்; பெசன்ட் என்னும் காட்டுக்கோழி இனப் பறவை எந்த வகையில் சேரும் என்று ஒரு தகராறே நடந்ததை 2021இல் அரசு வெளியிட்ட ரயில் சீர்திருத்தத் திட்டம் உதாரணமாகக் காட்டியது. சிரிப்பு வரும்தான். ஆனால் தாமதத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பெயரும் ஒரு விலையும் ஒட்டப்படுவதால்தான் அங்கே யாரும் அதை இயற்கை நிகழ்வு என்று விட்டுவிட முடிவதில்லை.

அளவுகோலையும் அவர்கள் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். முன்பு நெடுந்தூர வண்டி கடைசி நிலையத்துக்குப் பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு. 2019 முதல், நேரம் பதிவாகும் ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நிமிடத்துக்குள் வந்ததா என்று பார்ப்பதே முதன்மை அளவு. இந்த அளவில் பார்த்தால் பிரிட்டிஷ் வண்டிகள் சுமார் மூன்றில் இரண்டு முறைதான் தேறுகின்றன. அமெரிக்காவில் சுமார் 890 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஓடும் வண்டிகளுக்கு முன்பு அரை மணி நேரம் வரை சலுகை இருந்தது. 2020இல் வந்த கூட்டாட்சி விதி, பயணிகளில் 80 விழுக்காட்டினராவது தாங்கள் இறங்கும் நிலையத்துக்குப் பதினைந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்கிறது. எனவே ஒரு நாட்டின் விழுக்காட்டையும் மற்ற நாட்டின் விழுக்காட்டையும் ஒரே பட்டியலில் எழுதிப் பார்ப்பவர் ஒரு நிமிடத்தையும் கால் மணியையும் ஒன்றாக எடை போடுகிறார்.

கடைசி நிலையத்தை மட்டும் அளந்த காலத்தில் இரண்டு நாட்டிலும் ஒரே தந்திரம் கையாளப்பட்டது: கடைசி நிலையத்துக்கு முன்னால் அட்டவணையில் தாராளமாக நேரத்தைத் திணித்து வைப்பது. அது இன்றும் முழுதாக மறையவில்லை. பெரிய நிலையம் ஒன்றுக்கு முன்பாக செஃபிர் போன்ற வண்டிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்திருப்பார்கள், அதனால் நாற்பது நிமிடம் பிந்தி வருகிற வண்டி டென்வருக்கு முன்கூட்டியே வந்து நிற்கும் காட்சியைக் காணலாம். பயணிகள் இறங்கிக் கால் நீட்டி, புகைப்பவர்கள் புகைத்து, எல்லோரும் மகிழ்ச்சியாகத் திரும்பி ஏறுவார்கள்.

பிரிட்டனைப் புகழ்ந்துகொண்டே போகிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. இலையுதிர் காலத்தில் விழும் இலைகளைச் சக்கரங்கள் நசுக்கித் தண்டவாளத்தின்மீது கருப்பான, வழுக்கும் பூச்சாக ஆக்கிவிடுகின்றன. அதைக் கழுவுவதற்கென்றே தனி வண்டிகள் இரவில் ஓடுகின்றன, சில பாதைகளில் அந்தப் பருவத்துக்கென்று அட்டவணையையே மாற்றுகிறார்கள். 2000 அக்டோபரில் ஹேட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் நொறுங்கி நான்கு பேர் இறந்தபின் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் வேகத்தைக் குறைத்தார்கள். பல மாதங்களுக்கு அட்டவணை வெறும் காகிதமாயிற்று. 2018 மே மாதம் புதிய அட்டவணை ஒன்றை ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவரப் போய், ஓட்டுநர்களுக்குப் பாதைப் பயிற்சி முடியாததால் வடக்கு இங்கிலாந்திலும் லண்டனைச் சுற்றியும் வண்டிகள் வாரக்கணக்கில் ரத்தாயின. ரத்து செய்வது பிரிட்டனின் பழக்கம். நாளைக்கு ஒரே வண்டி என்பதால் அமெரிக்காவில் அதைச் சுலபமாகச் செய்ய முடியாது, எவ்வளவு பிந்தினாலும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடுவார்கள்.

இழப்பீட்டில்தான் உங்களுக்கு மிகப் பெரிய வேறுபாடு தெரியும். பிரிட்டனில் வண்டி 30 நிமிடம் தாமதமானால் ஒருவழிக் கட்டணத்தில் பாதியும், 60 நிமிடமானால் முழுவதும் கேட்டுப் பெறலாம். பல நிறுவனங்களில் 15 நிமிடத்துக்கே கால் பங்கு உண்டு. காரணம் யாருடையதாக இருந்தாலும் பெரும்பாலும் கிடைக்கும். ஆம்ட்ராக்கில் அப்படி விதிப்படி உரிமையாக வரும் தொகை ஏதும் இல்லை. ஆனால் ஒரே முன்பதிவில் இரண்டு வண்டிகளுக்கு டிக்கெட் வாங்கியிருந்து, முதலாவது பிந்தியதால் இரண்டாவதைத் தவறவிட்டால், பேருந்திலோ அடுத்த வண்டியிலோ அனுப்பிவைப்பதும், தேவைப்பட்டால் இரவு தங்க இடம் தருவதும் அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கிய டிக்கெட்டுக்கு இது கிடையாது என்பதை மனதில் வையுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அமெரிக்கர்களால் ரயிலை நேரத்துக்கு ஓட்டவே முடியாது என்று யாராவது முடிவுகட்டினால் அவரை நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரை ஒருமுறை போய்வரச் சொல்வேன். மின்சாரப் பாதை, ஆம்ட்ராக்கின் சொந்தக் கட்டுப்பாட்டு அறை, வழியில் சரக்கு வண்டி மிகக் குறைவு. அதே நிறுவனம், அதே ஊழியர் சங்கங்கள், அதே சீருடை. தாமதம் மட்டும் நெடுந்தூர வண்டிகளைவிட வெகுவாகக் குறைவு. தண்டவாளம் யாருடையது என்று தொடக்கத்தில் நான் கேட்டதற்கு இந்த 360 கிலோமீட்டர்தான் சாட்சி.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, ஆம்ட்ராக்கின் இணைய வரைபடத்தில் உங்கள் வண்டி ஒவ்வொரு நாளும் எங்கே எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்துவாருங்கள். இடையில் ஒரு சிறிய ஊரில் ஏறுவதாக இருந்தால் வீட்டிலிருந்து கிளம்புமுன் பாருங்கள், ஏனெனில் சில நிலையங்களில் ஊழியரே இருக்க மாட்டார். ஆனால் இரண்டு மணி நேரம் பிந்துகிறது என்று காட்டுவதை நம்பி இரண்டு மணி நேரம் கழித்துப் போகாதீர்கள், திணித்து வைத்த நேரத்தில் வண்டி கொஞ்சம் பிடித்துவிடும். சிகாகோவில் ஏறுவது நல்லது. அது வண்டி கிளம்பும் இடம், பெரும்பாலும் நேரத்துக்குக் கிளம்பிவிடும். பிற்பகலில் புறப்பட்டு மறுநாள் காலை டென்வரைத் தாண்டியதும் வண்டி ராக்கி மலைமீது வளைந்து வளைந்து ஏறி, பத்துக் கிலோமீட்டர் நீளமான மஃபாட் சுரங்கத்தைக் கடந்து, கொலராடோ ஆற்றின் கரையோரமாக மணிக்கணக்கில் போகும். கோடையில் இரவு வெகு நேரம் கழித்தே இருட்டுவதால் மூன்று மணி நேரம் பிந்தினாலும் அந்தப் பள்ளத்தாக்கை வெளிச்சத்திலேயே பார்த்துவிடலாம், குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எமரிவில்லில் ஒரு இரவுக்கு அறை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் மறுநாள் மதியத்துக்கு மேல் இருக்கட்டும்.